உறை போட்ட கை

அது முடிதான். நீலத் தட்டின் ஓரத்தில், நுரைக்குள் பாதி புதைந்து பாதி வெளியே சுருண்டு கிடந்தது முடிதான், நூல் இல்லை. நூலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், ஆனால் நூல் அப்படிச் சுருளாது, நூலுக்கு அந்தப் பளபளப்பு வராது, யாரோ ஒரு பிள்ளையின் தலையிலிருந்து விழுந்த எண்ணெய் முடி, காலையிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்தத் தட்டில் கையை விட்டு அளைந்தார்களோ, மூக்கைத் துடைத்த கை, வாயில் விட்டுச் சூப்பிய கை, எங்கெங்கோ சொறிந்த கை, அத்தனையும் அந்த வெள்ளை நுரைக்குள் கரைந்து கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் என் மகள் அவிலா அதில் கை வைக்க வேண்டும். வைக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வைத்துவிடுவாளே என்றும் அடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே உடம்புக்குள்தான், நான் என்ன செய்ய. அந்த இடமே அப்படி. கீழே கருவாட்டு மொத்தக் கடை, மாடியில் தெரபி சென்டர், ஜன்னலைத் திறந்தால் கருவாடு, மூடினால் பினாயில், பந்துத் தொட்டியிலிருந்து எழும்பி வருகிற ஒரு வாடை, ஈரக் காலுறையும் புளித்த பாலும் சேர்ந்த வாடை. சுவர் முழுக்கச் சிரிக்கிற யானை, சிரிக்கிற சூரியன். அந்தச் சூரியனின் பல்லில் யாரோ மூக்குச்சளியைத் தேய்த்திருந்தார்கள், அது காய்ந்து பச்சையாக, நான் எங்கே உட்கார்ந்தாலும் கண்ணுக்கு நேராக. பக்கத்து நாற்காலியில் ரிஸ்வானா. காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அவிலாவுக்கு அடுத்து அவள் மகள் ஹஃப்ஸாவின் முறை. ஹஃப்ஸா கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள். ரசித்து, கீழிருந்து மேலாக, ஐஸ் நக்குகிற மாதிரி. எச்சில் கோடு கோடாக வழிந்து அந்தக் கோடுகளின் வழியாகத்தான் நான் என் மகளைப் பார்க்க வேண்டியிருந்தது. "பாக்காதீங்க மெர்லின்," என்றாள் ரிஸ்வானா. "வீட்ல நாலு கண்ணாடி இருக்கு, ஒண்ணையும் சீந்த மாட்டா. இந்தக் கண்ணாடியில அப்படி என்ன ருசியக் கண்டாளோ, அவங்க வாப்பாவக் கூட்டியாந்து நக்கிப் பாக்கச் சொல்லணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், மகளின் வாயைத் தன் கையாலேயே துடைத்தாள், அதே கையால் டிபன் டப்பாவைத் திறந்து அவர்கள் ஊர்ப் பலகாரமான இறால் வைத்த வாடா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். எச்சில் கையின் ஈரம் வாடாவின் மேல் மினுங்குவது எனக்குத் தெரிந்தது. "தவக்காலம்," என்றேன், "ஒருசந்தி." பொய். "ஓ, நோம்பா," என்றாள் மரியாதையாக, டப்பாவை மூடினாள், எனக்காகத் தானும் சாப்பிடாமல் இருந்தாள். எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது, இந்த முறை யார் மேல் என்று தெரியவில்லை.

கையைக் காட்டு. நான் படித்த கான்வென்ட்டில் காலை அசெம்பிளியில் சிஸ்டர் எவரிஸ்டா வரிசையாக வருவார், நாங்கள் எல்லோரும் உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பிறகு திருப்பி நகத்தைக் காட்ட வேண்டும், பிறகு கைக்குட்டை, பிறகு காதுக்குப் பின்னால். சோப்பு வாசனைதான் கடவுளின் வாசனை என்று நான் வெகுகாலம் நம்பினேன். என் அப்பா மக்ரூன் போடுகிறவர், பேக்கரியில் இரவெல்லாம் முட்டை வெள்ளைக் கருவை அடித்து அடித்து நுரையாக்குவார், அது மலை மாதிரி எழும்பி நிற்கும், அதில் முந்திரிப் பொடியும் சீனியும், விடியும்போது வீட்டுக்கு வந்து அந்தக் கையால் என்னைப் பிடித்துக் கான்வென்ட் கேட் வரை கூட்டிப்போவார். ஒரு நாள் சிஸ்டர் குனிந்து என் கையை மோந்தார். "வாட் இஸ் திஸ் ஸ்மெல், சைல்ட்? ஆர் யூ லிவிங் இன்சைட் அன் எக்?" வரிசை முழுக்கச் சிரிப்பு, பின்னால் நின்ற ஒருத்தி கொக்கரித்தே காட்டினாள். வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாளிலிருந்து அப்பா தோளில் கிடக்கிற துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, துண்டோடு என் கையைப் பிடித்தார். "வெள்ள யூனிஃபார்ம்ல ஒட்டிரும்லா," என்றார். சூடு மட்டும் துண்டு வழியாக வரும், ஈரம் வராது, நாற்றம் வராது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிக்கிற வரை துண்டோடுதான். அவருக்கு எப்படி இருந்தது என்று நான் யோசித்ததில்லை, ஏன் யோசிக்க வேண்டும், நல்லதுதானே செய்தார், இன்றைக்குக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நுரைத் தட்டைப் பார்க்கும்போது அந்தத் துண்டு ஏன் வர வேண்டும். முடி இன்னும் அங்கேயே இருந்தது. மக்ரூன் மாவும் இதே நிறம்தான், இப்படித்தான் உச்சியில் வளைந்து நிற்கும். பச்சை முட்டை நாற்றம் கண்ணாடியைத் தாண்டி வந்த மாதிரி இருந்தது, வரவே முடியாது, அது ஷேவிங் கிரீம், அது எனக்குத் தெரியும்.

அவிலா எதையும் மோந்து பார்ப்பாள். எட்டு வயசு. புத்தகத்தைத் திறந்தால் முதலில் மூக்கு உள்ளே போகும், பிறகுதான் கண். ரப்பரை மோப்பாள், ஆட்டோ சீட்டை மோப்பாள், திவ்ய நற்கருணைக்கு நிற்கும்போது முன்னால் நிற்கிற அக்காவின் பின்னலை மோப்பாள், என் அக்குளை மோந்துவிட்டு "மம்மி வந்தாச்சு" என்பாள். கை எப்போதும் ஈரம். வியர்வையா எச்சிலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஈரம். அந்த ஈர விரலை வரியின் கீழே வைத்து வாசிக்கச் சொன்னால் தாள் ஊறிப்போய்த் துவண்டுவிடும், எழுத்து மட்டும் வாய்க்கு வராது. க, த, ச மூன்றும் அவளுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, யார் யாரென்று தெரியாது. 'கடல்' என்று இருந்தால் படத்தைப் பார்ப்பாள், முதல் எழுத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், "கப்பல்" என்பாள். "நல்லா பாரு. கண்ணு எங்க இருக்கு? அவசரப்படாத." இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். எழுத்தைப் பார்க்கச் சொன்னால் என் முகத்தை ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் பயம். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ, அது மட்டும் அவளுக்குத் தடையில்லாமல் வாசிக்க வருகிறதோ. பரிசோதித்தவர்கள் டிஸ்லெக்ஸியா, வாசிப்புக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள், கூடவே தொடுகையும் அசைவும் அவள் மூளையில் மற்றவர்களைப் போல் ஒன்றுசேரவில்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் டெனிஸ், துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் இருக்கிறவர், "எம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, நானும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எம் பேர தலைகீழாத்தான் எழுதினேன்," என்று சொல்லிவிட்டு மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் துப்பினார். தெரபி மிஸ் முத்தரசி முதல் நாளே பட்டென்று சொல்லிவிட்டாள். "இது வாசிக்க வைக்கிற வைத்தியம் இல்ல, அவிலாம்மா. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. எழுத்தையும் சத்தத்தையும் சேத்துச் சொல்லிக் குடுக்க பக்கத்து ரூம்ல டீச்சர் இருக்காங்க, அதுதான் வாசிப்பு. இங்க அவ ஒடம்பு ஒரு எடத்துல நின்னு பழகும். ஊஞ்சல், மணல், நுரை. அவ்ளோதான்." அவ்வளவுதானா, இதற்கா இந்தச் சளியும் எச்சிலும் என்று எனக்கு அன்றைக்கே குமட்டியது. ஆனால் வந்தோம். வீட்டுக்கும் வேலை கொடுத்தாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் கை தேய்க்கிற மாதிரி ஒரு சின்ன வெள்ளை பிரஷ், அதை வைத்துக் காலையும் மாலையும் அவள் கை, முதுகு, கால் எல்லாம் அழுத்தித் தேய்த்துவிட்டு, மூட்டு மூட்டாகப் பிடித்து அமுக்க வேண்டும். அந்த வேலையை நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு மெடல் வாங்கினவள், கொடுத்த வேலையை விடமாட்டேன். முதல் நாள் தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையாகத் தோல் பொடி உதிர்ந்தது, அதோடு வியர்வை, அதோடு தேங்காயெண்ணெய், எல்லாம் சேர்ந்து என் விரலிடுக்கில் பசையாக ஒட்டியது, ஓடிப்போய்ப் பாத்ரூமில் வாந்தியெடுத்தேன். அலமாரியில் கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன கிளவுஸ் டப்பா ஒன்று இருந்தது. மறுநாளிலிருந்து அதைப் போட்டுக்கொண்டேன். இழுத்துவிட்டால் மணிக்கட்டில் டப் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் அவிலா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். எவ்வளவு நல்ல பிள்ளை, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். சுத்தமாகச் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தானே செய்வார்கள்.

போன மாசம் வரை அவிலா அந்த நுரைத் தட்டில் முழங்கை வரை கையை விட்டு, முகத்திலும் பூசிக்கொண்டு, மூக்கில் வைத்து உறிஞ்சி, முத்தரசி மிஸ்ஸுக்கே மீசை வரைந்துவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனி மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மணலிலும் அப்படி, பயறு டப்பாவிலும் அப்படி, பக்கத்து ரூமில் சொரசொரப்பான மணல் தாளில் வெட்டிய எழுத்தைத் தடவச் சொன்னால் அதற்கும் அப்படி. வகுப்பில் யார் கையையும் பிடிக்க மாட்டேன் என்கிறாளாம், வரிசையில் தனியாக நிற்கிறாளாம். "வீட்ல ஏதாவது மாறிச்சா அவிலாம்மா? யாராச்சும் திட்டினாங்களா, அடிச்சாங்களா?" என்று முத்தரசி கேட்டபோது, இல்லவே இல்லை என்றேன், அது உண்மைதான், என் கை அவள் மேல் பட்டதே இல்லை. இப்படியே போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். முதலில் என்றால் எது. எந்த முதல். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்தேன், எல்லாவற்றையும் மோந்து பார்த்துத் தொட்டுத் திரிந்த பிள்ளை ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் அவளுக்குள் என்ன நடந்திருக்கும், யாராவது எங்காவது, ஆட்டோக்காரர், இல்லை அவர் நல்ல மனுஷர், ஸ்கூல் ஆயா, டியூஷன், என் மனசு ஊரில் இருக்கிற ஆம்பளைகள் முகத்தையெல்லாம் வரிசையாக நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. எல்லார் கையும் அழுக்காகத்தான் இருந்தது. என் கையை மட்டும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அப்படியே நின்றாள், ஊதா கவுன், பின்னால் கோத்த கை, விரல்கள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. கண்ணாடிக்கு மேலே காற்று போக ஒரு இடைவெளி, பேசுவது அத்தனையும் கேட்கும். முத்தரசி மிஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் கையில் நுரையை அப்பிக்கொண்டாள். "அவிக்குட்டி, மிஸ்ஸுக்கு ஒரு மீசை?" அவிலா தலையாட்டினாள், வேண்டாமென்று. பிறகு மெதுவாக, கடையில் போய்ச் சாமான் கேட்கிற குரலில் கேட்டாள். "மிஸ், கிளவுஸ் இருக்கா?" "கிளவுஸ் எதுக்குடா?" "அழுக்கத் தொடும்போது போடணும்லா." "நுரை அழுக்கு இல்லடா, பாரேன், எவ்ளோ வெள்ளையா இருக்கு." "அதான் மிஸ்," என்றாள் அவிலா. "வெள்ளையா இருக்கு. நான் வச்சா அழுக்காயிரும்." அவிலாவே விளக்கினாள், ஒன்றும் தெரியாத மிஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "மம்மி என்னயத் தொடும்போது போடுவா. டப்புனு. அப்பத்தான் மம்மிக்கு ஒட்டாது." ரிஸ்வானா என்னைப் பார்க்காமல் ஹஃப்ஸாவின் சடையைச் சரி செய்ய ஆரம்பித்தாள். சடை சரியாகத்தான் இருந்தது. எனக்கு அந்த முடி மட்டும் தெரிந்தது. நீலத் தட்டு, வெள்ளை நுரை, ஒரு முடி. அந்தப் பக்கமிருந்து என் மகளும் அதே தட்டைத்தான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதில் இருக்கிற அழுக்கை அல்ல, அதில் இல்லாத அழுக்கை, தன்னை. துண்டு. அப்பாவின் துண்டு. சூடு மட்டும் வரும்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க, அவிலாம்மா." முத்தரசி குரலில் குத்தல் எதுவும் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை, அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம். உள்ளே மெத்தை விரிப்பு காலடியில் ஈரமாக அமுங்கியது. யாருடைய ஈரம், கேட்காதே. வளையலைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன், அவிலா ஒவ்வொன்றையும் பார்த்தாள், தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தை. முகத்தை நேராக வைத்துக்கொள்ள வேண்டும், கான்வென்ட்டில் கற்ற முகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, எந்த வீட்டு விசேஷத்திலும் எந்தப் பந்தியிலும் போட்டுக்கொள்வேன், அதைப் போட்டுக்கொண்டு கையை இறக்கினேன். குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் ஐஸ் மாதிரி இல்லை, செத்தது மாதிரி. விரலிடுக்கில் அது நுழைகிறது, நகத்துக்கு அடியில் போகிறது, ஒவ்வொரு குமிழாக உடைகிற சின்னச் சின்னச் சத்தம், கீழே அடியில் தண்ணீராகக் கொழகொழவென்று, அதில் ஏதோ ஒரு பயறு, யாரோ போட்ட பயறு, ஊறிப்போய் என் சுண்டு விரலில் உருண்டது, பிறகு அந்த முடி, நான் தேடவில்லை, அதுவாக வந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பச்சை முட்டை. இல்லை, ஷேவிங் கிரீம். பச்சை முட்டை. போட்டிருந்த முகம் ஒரு நொடியில் கழன்று விழுந்தது, பிள்ளை முன்னால், மிஸ் முன்னால், கண்ணாடிக்குப் பின்னால் ரிஸ்வானா முன்னால் "ஓவ்" என்று மாடு மாதிரி சத்தம் போட்டேன். "சீ! சீ, என்ன கருமம் இது!" வாயிலிருந்து வந்துவிட்டது. அவிலாவின் கை பின்னாலிருந்து கழன்றது. "மம்மி ஓங்கரிக்கா!" என்றாள், கண் விரிய. "மிஸ், மம்மி ஓங்கரிக்கா!" பிறகு தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மம்மி, ஒனக்கு நுரையும் புடிக்காதா?" என்றாள். நுரையும். அந்த ஒரு 'உம்'மில் அவளும் நுரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், உன்னைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும், எல்லா மம்மியும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் அந்தக் குமட்டலோடு அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள், அங்கே வேறொன்றை வாசித்து "கப்பல்" என்பாள். "எனக்கு ஒண்ணுமே புடிக்காதுட்டி," என்றேன். "முட்ட புடிக்காது. மீன் செதிள் புடிக்காது. இந்த ஈர மெத்த புடிக்காது. அந்தச் சூரியன் பல்லுல சளி இருக்கு, அது புடிக்கவே புடிக்காது." அவிலா திரும்பிச் சூரியனைப் பார்த்தாள். "அது நான் தேய்ச்சது," என்றாள். முத்தரசி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்ததா இன்னொரு ஓங்கரிப்பு வந்ததா தெரியவில்லை. நுரையோடு, பயறோடு, யாருடையதோ அந்த முடியோடு, அந்தக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். ஈரம். அவள் ஈரமும் நுரையின் ஈரமும் எதுவெது என்று பிரிக்க முடியவில்லை. அவள் விரல்கள் விறைத்துக்கொண்டன, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என் விரலிடுக்கில் நுழைந்து வழுக்கின. "அய்ய, கொழகொழங்குது," என்றாள், இழுத்துக்கொள்ளாமல். "ஆமாட்டி, அசிங்கம்." "பயங்கர அசிங்கம் மம்மி." "மகா அசிங்கம்." முத்தரசி நேரம் பார்த்து நுழைந்தாள். "அவி, மம்மி கண்ண மூடட்டும், நீ அவங்க கையில ஒரு எழுத்து எழுது, மம்மி கண்டுபிடிக்கட்டும்." நான் கண்ணை மூடினேன். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் அவள் விரல் ஊர்ந்தது, புழு மாதிரி, மேலே போய், வளைந்து, கீழே இறங்கி. நான் கவனிக்கத்தான் பார்த்தேன். தோல் முழுக்கக் கூச்சம், கூச்சம் முழுக்க நான், அதில் எழுத்துக்கு இடமே இல்லை, கோடு எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது ஒன்றும் பிடிபடவில்லை. "க," என்றேன். "இல்ல." "த?" "இல்ல. நல்லா பாரு. கண்ணு எங்க இருக்கு?" என் குரல். அச்சு அசலாக என் குரல், அந்த ராகம்கூட. "ச," என்றேன். "அவசரப்படாத மம்மி," என்றாள், மறுபடி எழுதினாள், இன்னும் அழுத்தி. தெரியவில்லை. தெரியவே இல்லை. பயமாக இருந்தது, எட்டு வயசுப் பிள்ளை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்து எதைச் சொன்னால் அவள் முகம் சுருங்காமல் இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "சொல்லித் தாயேன்," என்றேன். "சொல்ல மாட்டேன்," என்றாள். வெளியே வந்தபோது ரிஸ்வானா என் கையைப் பார்த்தாள், தன் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துவிட்டாள், துப்பட்டாவில் என்னென்ன இருந்ததோ, பிறகு டப்பாவைத் திறந்தாள். "நோம்பு முறிஞ்சிருச்சா மெர்லின்?" என்றாள். முறிஞ்சிருச்சு என்று ஒன்றை வாங்கி வாயில் போட்டேன். மெல்லாமல் விழுங்கினேன். இறால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

திருந்திவிட்டேன் என்று எழுத மாட்டேன். இப்போதும் இந்தக் கை எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கழுவாத நுரை காய்ந்து தோல் இறுக்குகிறது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று எல்லா மயிர்க்காலும் கத்துகிறது. மாலையில் பிரஷ் போடுகிற நேரம் வந்தது. டப்பா அலமாரியில் நிறையவே இருக்கிறது. எடுக்கவில்லை. அவிலா வழக்கம்போல் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், கண்ணை மூட, அந்தச் சத்தத்துக்காக. சத்தம் வரவில்லை. "மம்மி, கிளவுஸ்?" "தீந்துபோச்சு." அவள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தேய்த்தேன். பொடி உதிர்ந்தது, எண்ணெயும் வியர்வையும் விரலிடுக்கில் பசையாகத் திரண்டது, வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே வந்தது, விழுங்கி விழுங்கித் தேய்த்தேன், தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து அமுக்கினேன், எவ்வளவு சின்ன எலும்பு, கோழி எலும்பு மாதிரி, சீ, அப்படியா நினைப்பது. இன்றைக்கு அவள் கண்ணை மூடவே இல்லை. கடைசியில் என் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தை மோப்பது போல, முதலில் லேசாக, பிறகு ஆழமாக. "மம்மி, ஒன் கை நாறுது," என்றாள். ஷேவிங் கிரீமும் எண்ணெயும் இறாலும் அவளும். தெரியும், நாறத்தான் செய்யும், கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, மூக்கை உள்ளங்கையில் புதைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டாள். டெனிஸ் வந்து எட்டிப் பார்த்து, "என்ன, மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், தாளைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் வரி எங்கெங்கோ போகிறது, சிஸ்டர் பார்த்தால் கிழித்துப் போடுவார். அவள் வாயிலிருந்து எச்சில் வழிந்து என் உள்ளங்கைக் குழியில் சேர்கிறது. வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக. குமட்டுகிறது. மணிக்கட்டில் அந்த முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாதி அவள் கன்னத்துக்கு அடியில், மீதி விளக்கு வெளிச்சத்தில் தெரிகிறது. எடுக்க வேண்டுமானால் கையை இழுக்க வேண்டும்.